காப்பு கட்டிய கையில் மாத்திரை

போன வருஷம் வைகாசித் திருவிழாவில், நல்ல பகல் வெயிலில், எங்கள் ஊர் மாரியம்மன் பல்லக்கு பாதித் தெருவில் நின்றுபோனது. தண்டு தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு அவருக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த மனிதர் என் வீட்டுக்காரர். அவருக்கு வந்தது அருள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியில் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைத் தரையில் வைத்தேன். என் வாழ்க்கை இந்தத் தெருவோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அம்மாவை நம்பி விளக்கேற்றுகிற உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் பெயர் ராஜேஸ்வரி. அம்பகரத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். காரைக்காலில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை எனக்கு. எழுதிப் பழக்கமில்லை, பேசிப் பழக்கமுண்டு. அதனால் பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் கலியபெருமாள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், நெல் சாகுபடி. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள். எனக்குத் தலைவலி என்றால்கூட, "நீ ஏன் அந்தக் கடையில ஏசியில ஒக்காந்திருக்க? வயல்ல வந்து நில்லு, எல்லாம் போயிடும்" என்பார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் எழுந்து போய்விடுவார். பழைய சோற்றுக்கு ஒரு துண்டு கருவாடு, மோர்ச்சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், அதன் மேலேயும் இரண்டு விரலால் கொஞ்சம் உப்பு. காரைக்கால்மேட்டிலிருந்து மீனும் கருவாடும் கொண்டுவருகிற அக்கா எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தாமல் போனால் அவருக்கு அன்றைக்கு முழுவதும் மனசு சரியிருக்காது.

திருவிழாவுக்கு முந்தின வருஷம், மாட்டுக்கொட்டகைத் தகரம் காலில் கிழித்துவிட்டது. துருப்பிடித்த தகரம். ஊசி போட்டே ஆகவேண்டும் என்று நான்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தது. பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தது. நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. இன்னொரு நாள் வரச்சொல்லிப் பார்த்தார்கள். அன்றைக்கும் குறையவில்லை.

அங்கே இருந்த டாக்டர் அம்மா சின்ன வயசு. என் மகள் வயசுதான் இருக்கும். இவர் அவரிடம் வழக்கடித்தார்.

"எனக்குத் தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல. தூங்குறேன், திங்கிறேன். ஒண்ணுமே செய்யலயே, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?"

"அதாங்க இதுல கஷ்டமே. ஒண்ணும் செய்யாது. உங்க போர்செட்டுல ஓஸ் போட்டுத்தானே தண்ணி விடுறீங்க? அழுத்தம் கூடிப்போனா ஓஸ் உங்களக் கூப்புட்டுச் சொல்லுமா?"

"எங்கங்க சொல்லும்? நைஞ்ச எடத்துல ஒரு நாள் பிச்சுக்கும்."

"அவ்வளவுதாங்க. உங்க ஒடம்புலயும் அதேதான். மூளைக்குப் போற குழாயிலயும் ஆகலாம், நெஞ்சுக்குப் போறதுலயும் ஆகலாம், கிட்னியிலயும் ஆகலாம்."

இவர் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டார். அவர் மாத்திரை வாங்கப் போனதும் டாக்டர் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "அம்மா, இத மட்டும் மறக்காதீங்க. எப்பவாவது வாய் ஒரு பக்கம் கோணுனா, ஒரு கை தூக்க வரலன்னா, பேச்சு குழறுனா, வீட்டு வைத்தியம் எதுவும் பாக்காம ஒடனே தூக்கிட்டு வந்துடணும். வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தக் கூடாது." அப்போது அதை எனக்கு எதற்குச் சொல்கிறார் என்றுகூடத் தோன்றியது. இப்போது நினைத்தால், அம்மா அன்றைக்கே என் பக்கத்தில் வந்து நின்று பேசியிருக்கிறாள்.

காலையில் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தோம். மாத்திரை கொடுப்பது எளிது, உப்பைக் குறைப்பதுதான் பெரும்பாடு. முதல் நாள் குழம்பை ஊற்றியதும், "இது கொழம்பா, கை கழுவுன தண்ணியா?" என்று கேட்டார். "கை கழுவுன தண்ணின்னா கைய கழுவிட்டு எந்திரிங்க" என்றேன். எந்திரிக்கவில்லை, சாப்பிட்டார். மீன்கார அக்காவிடம் நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு இவர் எத்தனை ஜாடை காட்டினாலும் அந்த அக்கா பச்சை மீனைத்தான் எடுத்துப் போடும். தம்பி வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாக ஊறுகாய் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். வெற்றிலை போடாத மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தால் பெண்டாட்டிக்குத் தெரியாதா? நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் மெல்ல மெல்ல நாக்கு பழகியது. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தார். மாசாமாசம் போய்ப் பார்த்ததில் பிரஷர் இறங்கி நல்ல அளவுக்கு வந்துவிட்டது. இவர் உடனே, "சரியாப் போச்சுல்ல, நிறுத்திடலாம்ல?" என்றார். டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே, "மாத்திரை சாப்புடறதாலதாங்க சரியா இருக்கு. நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வைகாசி வந்தது. ஊரில் காப்பு கட்டினார்கள்.

எங்கள் ஊரில் அம்மன் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவர்கள் காப்பு கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கயிற்றை வலது கையில் கட்டியதிலிருந்து, திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை, வெளியூர் போகக்கூடாது. முன் தண்டில் வலது பக்கம் இவருடைய இடம். இவருடைய அப்பா நின்ற இடம் அது. கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோதுகூட, "வைகாசியில வேண்டாம், நான் சாமி தூக்கணும்" என்று சொன்ன மனிதர். நிலத்தைக்கூட விட்டுக்கொடுப்பார், அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்.

காப்பு கட்டிய மறுநாள் காலையில் வழக்கம்போல மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"காப்பு கட்டியிருக்கேன். மருந்து மாத்திரை தொடக்கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அம்மை போட்ட வீட்டுல மருந்து வாசன காட்டுவாங்களா? அவ ஒடம்புல எறங்கி நிக்கறப்ப மருந்து குடுத்தா அது அவளுக்கு அவமரியாதைன்னுதானே வெறும் வேப்பிலையோட விடுறோம். காப்பு கட்டுன ஒடம்பும் அப்புடித்தான். அவ பாத்துக்குவா."

இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இருக்காது. அம்மை போட்டால் மருந்து தொடாமல், வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளுக்காகக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் என்னாலும் அவரை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல வரவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு போடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். "ஒரு வேளதான் திங்கிறேன், அதையும் நிறுத்திக்கோ" என்றார். பிடிவாதத்தில் அவருக்கும் அவர் மாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வேறு எதுவும் கேட்கவில்லை. "தாயே, உன் பேரைச் சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். நீயே அவருக்குச் சொல்லு. என் தலையில் போட்டுவிடாதே. சொன்னாயானால் இந்த ஊரும் உலகமும் கேட்க நான் உன் பெருமையைச் சொல்கிறேன்." தினமும் கடைக்கு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையேதான் வேண்டிக்கொண்டேன். கடையில் ஒரு அம்மா சிவப்பில் புடவை கேட்டால் நான் மஞ்சளை எடுத்துப் போடுவேன். மனசு ஒரு நிலையில் இல்லை.

பல்லக்கு வீதி உலா நாள் வந்தது. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கோலம் போட்டு, தண்ணீர் தெளித்து, அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தோம். மேளச் சத்தம் எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் நான் எட்டிப் பார்த்தேன். முன் தண்டில் அவர். வேட்டி மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி வாய்தான் அசைந்தது.

வெயிலில் எனக்குத்தான் கண் கூசுகிறது என்று நினைத்தேன். அதற்குள் அவர் தோள் சரிந்தது. பின்னால் தண்டு பிடித்திருந்த என் கொழுந்தன் சேகர், "முட்டுக்கால் போடுங்க, முட்டுக்கால் போடுங்க" என்று கத்தினான். நல்லவேளையாகப் பல்லக்குக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அவர் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை வரவில்லை. குழகுழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. உடம்பு ஒரு பக்கமாக ஆடியது.

மேளக்காரர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வேப்பிலையைக் கொண்டுவந்து அவர் முகத்தில் வீசினார்கள். எதிர்வீட்டு மாமா கைகட்டி நின்றுகொண்டு, "சொல்லு தாயி, என்ன கொறை வெச்சோம்? சொல்லிட்டுப் போ" என்று அவரிடம் கேட்டார். மஞ்சள் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனார்கள்.

டாக்டர் அம்மா சொன்னது அப்போதுதான் என் காதில் கேட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். சொம்பைத் தட்டிவிட்டேன். சாமி தீர்த்தத்தைத் தட்டிவிட்டாளே என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அருள் வந்தவரைப் பெண்டாட்டி தொடக்கூடாது என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இது அருள் இல்லை என்று அந்தக் கூட்டத்துக்கு நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் யார் நம்புவார்கள்? பல்லக்கில் இருந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். "நீதான் வழி காட்டணும்" என்று மனசுக்குள் கதறினேன்.

அம்மா சத்தியமாக, அடுத்து நான் சொன்னது நான் யோசித்துச் சொன்னது இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"என்னங்க, அம்மா நிக்கறா பாருங்க. ரெண்டு கையயும் தூக்கிக் கும்புடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இடது கை மேலே போனது. காப்பு கட்டிய வலது கை மடியிலேயே கிடந்தது. தூக்கப் பார்க்கிறார், வரவில்லை. ஒற்றைக் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் குனிந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. 

மேளம் நின்றுபோனது. பல்லக்குக்குப் பக்கத்தில் நின்ற தங்கராசு பூசாரி ஒரு எட்டில் வந்தார். இவருடைய முகத்தைத் தாடையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது அருள் இல்ல. அம்மா வந்தா ரெண்டு கையும் கும்புடும். வண்டிய எடுங்கய்யா."

"சாமி பாதித் தெருவுல நிக்குதே, பூசாரி" என்றார் எதிர்வீட்டு மாமா.

"நிக்கட்டும். அவ புள்ளைக்காக அவ நிப்பா. ராஜி, நீ ஏறு."

மேளக்காரர்கள் வந்த வேன்தான் பக்கத்தில் இருந்தது. தவில் உறையைத் தள்ளிவிட்டு அவரைப் படுக்க வைத்தோம். சேகர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேன் திரும்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெயிலில் பல்லக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஊரே அசையாமல் நின்றது. எனக்காக அம்மா தெருவில் நிற்கிறாள் என்று நினைத்தபோது என் பயம் பாதியாகக் குறைந்தது. காரைக்கால் போய்ச் சேரும்வரை அவருடைய உயிரில்லாத கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற ஒரு குழாயில் அடைப்பு, மாத்திரையை நிறுத்தியதில் பிரஷர் எகிறியிருக்கிறது என்றார்கள். "தாமதம் பண்ணாம கொண்டுவந்துட்டீங்க. அதுதான் பெரிய விஷயம்" என்றார் அங்கிருந்த டாக்டர். மருந்து ஏற்றினார்கள். மகள் திருவாரூரிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. பேச்சு இன்னும் குழறியது. தண்ணீர் கொடுத்து விழுங்க வருகிறதா என்று பார்த்துவிட்டு, நர்ஸ் மாத்திரையைக் கொண்டுவந்தது.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

நர்ஸ் கெஞ்சியது. மகள் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இடது கையால் வலது கையைத் தொட்டுக் காட்டினார். மஞ்சள் கயிறு. ஊரில் இன்னும் காப்பு அவிழ்க்கவில்லை. அதைக் கத்தரித்துவிடலாம் என்று நர்ஸ் வந்தபோது, குழந்தை பொம்மையை மறைத்துக்கொள்கிற மாதிரி அந்தக் கையை மறைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தையும் அழுகையையும் எப்படிச் சொல்வேன். வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். "தாயே, தெருவில் நின்று இவரைக் காப்பாற்றிக் கொடுத்தாய். இந்தக் கயிற்றால் மறுபடியும் எடுத்துக்கொண்டு போகவா? நான் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். நீயே அவருக்குச் சொல்லு" என்று வேண்டினேன். நாங்கள் கும்பிட்டதெல்லாம் வீண்தானா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. உங்களிடம் மறைக்கமாட்டேன், வந்தது.

அன்றைக்கு மத்தியானம், நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதே, தங்கராசு பூசாரி வந்தார். காப்பு கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதிலும் பூசாரி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் விபூதிப் பையோடு, பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

"அண்ணே, நீங்க எல்லை தாண்டி வரலாமா?" என்றேன்.

"அம்மாகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் வந்தேன் தங்கச்சி. பூ குடுத்தா. வந்துட்டேன். எங்க பெருமாளு?"

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவருக்கு விபூதி பூசினார். நான் நடந்ததைச் சொன்னேன்.  பூசாரி இடுப்புப் பையை அவிழ்த்தார். விபூதிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். பாதி தீர்ந்திருந்தது.

"இது என்னுது. பிரஷருக்குத்தான். நான் சாப்புட ஆரம்பிச்சுப் பல வருசம் ஆவுது. காப்பு கட்டிக்கிட்டுத்தான் முழுங்குறேன். காலையில அவளுக்கு அபிஷேகம் முடிச்சு, அந்தத் தீர்த்தத்துலயே போட்டுக்குவேன்."

இவர் கண்ணை அகல விரித்துப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். "ஏ... ஏன்..." என்று வந்தது.

"ஏன் சொல்லலன்னு கேக்கறியா? நீ கேட்டியா? பெருமாளு, அம்மை போட்டா அவ வீட்டுக்கு வந்திருக்கான்னு மரியாத பண்றோம். இது அவ வந்தது இல்ல. இது நீ தின்ன உப்பும் ஒன் ஒடம்பு வாகும். இதுக்கு மருந்து தொடாதேன்னு அவ எப்பவும் சொல்லல. நாமளா சொல்லிக்கிட்டோம். நேத்து ஒன்ன எறக்கி வெச்சிட்டுப் பல்லக்க ஏன் நிறுத்துனா? போயி மருந்து சாப்புடுன்னுதானே."

அவ்வளவுதான் பேசினார். ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்த அபிஷேகத் தீர்த்தத்தை ஒரு ஸ்பூனில் ஊற்றினார். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு மாத்திரையை வாங்கி என் கையில் கொடுத்தார். "நீ போடு தங்கச்சி" என்றார். நான் நீட்டினேன். என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

நான் அம்மாவிடம் கேட்டது அதுதான். நீயே அவருக்குச் சொல்லு என்று கேட்டேன். எல்லை தாண்டி, பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது, அதிலும் குறை சொல்கிற பேச்சு முதலில் திரும்பியது. கைதான் வரவில்லை. விரல் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். பந்தை அமுக்கு, தட்டில் இருக்கிறதை எடு என்றெல்லாம் செய்யச் சொன்னால் அவருக்குப் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். ஒரு நாள் நான் என் பழைய புடவைகளை எல்லாம் அவர் முன்னால் போட்டேன். கடையில் வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய புடவையை மடிக்கிற மாதிரி, முனையோடு முனை சேர்த்து மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். எதிரில் நான் ஒரு முனை, அவர் ஒரு முனை.

"வயல்ல நிக்கறவனப் புடவ மடிக்க வெச்சிட்ட."

"கோணலா மடிச்சா மொதலாளி சம்பளத்துல பிடிப்பாரு. நேராப் புடிங்க."

முதலில் புடவை அவர் கையிலிருந்து நழுவி விழும். விழுந்தால் இரண்டு பேரும் குனிந்து எடுப்போம். தீபாவளிக்குள் ஒரு பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து என் மடியில் வைத்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது கிடையாது. இந்த நோயில் எனக்குக் கிடைத்தது அது. அதற்கும் அம்மாவுக்கு நன்றி சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது மாத்திரை டப்பா சாமி மாடத்தில் இருக்கிறது. காலையில் விபூதி பூசிக்கொண்டு, அம்மாவைக் கும்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். நானும் பிரஷர் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். தலைவலி என்று நான் சொன்னபோது வயலில் வந்து நில்லு என்றவர், இப்போது எனக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார். குழம்பில் உப்பு இருவருக்கும் குறைவுதான். மீன்கார அக்கா இன்னமும் பச்சை மீன்தான் போடும்.

அன்பானவர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவை நம்புங்கள். என்னைப் போல் அழுது கேளுங்கள், அவள் காது கொடுப்பாள். ஆனால் அவள் எந்தக் கையால் கொடுக்கிறாள் என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு டாக்டர் அம்மா வழியாகக் கொடுத்தாள், ஒரு மேளக்காரர் வேன் வழியாகக் கொடுத்தாள், ஒரு பூசாரியின் விபூதிப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள். உங்கள் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இருந்தால், கோயிலுக்கு அழைத்துப்போகிற அன்றைக்கே ஒரு தடவை பிரஷரும் பார்த்துவிட்டு வாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம், காப்பு, மாலை என்று சொல்லி நிறுத்தினால் விடாதீர்கள். விரதம் இருக்கணும் என்றால் எந்த வேளைக்கு எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்குத் தெரியும்.

இந்த வைகாசியில் மறுபடியும் காப்பு கட்டினார்கள். கட்டி முடித்ததும் தங்கராசு பூசாரி மைக்கை வாங்கி, "பிரஷர், சுகர் மாத்திரை சாப்புடறவங்க யாரும் காப்பச் சொல்லி நிறுத்தக்கூடாது. அம்மா உத்தரவு" என்றார். கூட்டத்தில் நிறையப் பெண்கள் திரும்பித் தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள். நிறைய ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

பாரம் தூக்கக்கூடாது என்று இவருக்கு டாக்டர் சொல்லிவிட்டதால், முன் தண்டில் அப்பா நின்ற இடத்தில் இப்போது சேகர் நிற்கிறான். அந்த இடத்தை விட்டுக்கொடுத்த அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. பூசாரிதான் இவருக்கும் காப்பு கட்டிவிட்டு, மயிலிறகு விசிறியைக் கொண்டுவந்து இவருடைய வலது கையில் திணித்தார். பல்லக்குக்கு முன்னால் நடந்துகொண்டே அம்மாவுக்கு விசிற வேண்டும்.

உலா வந்த அன்று நான் அதே இடத்தில் தட்டோடு நின்றேன். போன வருஷம் நின்ற அதே இடத்தில் பல்லக்கை நிறுத்தச் சொன்னார் பூசாரி. நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் விசிறியைச் சேகரிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். முழு வாயும் சிரித்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பினார். காப்பு கட்டிய கையும் மற்றக் கையும் சேர்ந்தே மேலே போயின.